கணினி அறிவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் கணினி படிக்கிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறார்கள். பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், பிளஸ் டூ என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். ஒரு கரும்பலகை இருக்கிறது, நான்கைந்து மடிக்கணினிகள் இருக்கின்றன. அவர்களோடு உட்காரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை, வர முடியாதவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

சார், எந்த நிரல்மொழியில் தொடங்குவது? சி-யா, பைத்தானா, ஜாவாவா?

உங்கள் பாடத்தில் இப்போது எது இருக்கிறதோ, அதில் தொடங்குங்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். இரண்டுமே நல்ல மொழிகள். மாதம் ஒரு மொழிக்குத் தாவுகிறவர்கள் எல்லா மொழியிலும் முதல் மூன்று பாடங்களை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஒன்றில் ஆறு மாதம் நில்லுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், சிந்திக்கப் பழகுவதற்குப் பைத்தான், பிறகு கணினியின் நினைவகத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு சி. ஐந்து எண்களை வைத்த இடத்தில் ஆறாவதைக் கேட்டால் பைத்தான் உடனே பிழை காட்டி நின்றுவிடும். சி பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் பக்கத்து இடத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு நினைவகம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

குழுவில் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லையே, ஏன்?

பெரும்பாலும், பதில் சொல்ல முடியாதபடி கேட்டிருப்பீர்கள். "புரோகிராம் ஓடவில்லை, உதவுங்கள்" என்ற ஒரு வரியும், திரையைச் சாய்வாகப் பிடித்த ஒரு கைப்பேசிப் படமும் வரும். படத்தில் பிழைச் செய்தியின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும். பைத்தானில் அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

நான்கு விஷயங்களை எழுதுங்கள்: என்ன கொடுத்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், உண்மையில் என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள். நிரலையும் பிழைச் செய்தியையும் எழுத்தாகவே ஒட்டுங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மதிப்பெண்களின் சராசரி தவறாக வருகிறது என்று வந்தான். 80, 70, 90, 60, 100 கொடுத்தால் 80 வர வேண்டும், 64 வந்தது. நிரலை நான் பார்க்கவில்லை. கேள்வியைச் சிறியதாக்கச் சொன்னேன். 10, 20 என்று இரண்டே மதிப்பெண் கொடுத்தான். 15 வர வேண்டிய இடத்தில் 10 வந்தது. 10 என்று ஒன்றே ஒன்று கொடுக்கச் சொன்னேன். பூஜ்யம் வந்தது. சற்று நேரம் திரையையே பார்த்தவன், "முதல் எண்ணை இது தொடவே இல்லை சார்" என்றான். பட்டியலில் இடங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன. அவன் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தான்.

வழு, அதாவது நிரலில் உள்ள பிழை, கண்டுபிடிப்பதில் பாதி வேலை இதுதான். தவறு இன்னும் தெரிகிற அளவுக்குள் உள்ளீட்டை எவ்வளவு சிறியதாக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக்குங்கள். குழுவுக்குக் கேள்வி எழுத உட்கார்ந்து, அனுப்பாமலேயே விடை கண்டு எழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்த பிறகும் கேள்வியையும் விடையையும் சேர்த்துப் பதியுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வேறொரு பிள்ளை நிற்கும்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் தடுக்கிறது. இந்தத் துறையில் நிற்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை அநேகமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து மெல்லிய குரலில் கேட்கும். அதனால் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கருத்தைப் புரிந்துகொள்வது ஒன்று, அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அறிவது வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்வதால்தான் மூச்சுத் திணறுகிறது. முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். பந்தியில் அடுக்கிவைத்த இலைக்கட்டில் மேலே இருப்பதைத்தான் முதலில் எடுக்க முடியும். கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும். ரேஷன் கடையில் முதலில் வந்தவர் முதலில் போகிறார். முன்னது அடுக்கு, பின்னது வரிசை. இது மனத்தில் பதிந்த பிறகு 'ஸ்டாக்', 'கியூ' என்பவை இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். மாறி, தற்சுழற்சி, தரவுத்தளம், வழு, இயங்குதளம் என்று நல்ல தமிழ்ச் சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக எழுதி வாருங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் நூறு சொற்களாவது சேர்ந்துவிடும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழ் வழியிலேயே இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்களும் அவற்றை ஒருமுறை வாசிக்கலாம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவரும் 'கணியம்' என்ற இணைய இதழ் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் விரிவுரைகளை யாரும் பணம் கட்டாமல் பார்க்கலாம்.

நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதை மறைக்க மாட்டேன். அதற்குத் தினமும் ஒரு கருத்தை ஐந்து நிமிடம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். இலக்கணம் தவறினாலும் பரவாயில்லை. புரிந்ததைச் சொல்கிறவரின் தடுமாற்றமும் புரியாதவரின் தடுமாற்றமும் கேட்கிறவருக்கு வேறு வேறாகத் தெரியும்.

எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

பள்ளியில் உங்களைப் பயமுறுத்திய கணக்கில் பெரும்பகுதி இங்கே அன்றாடம் தேவைப்படாது. எண்ணுவது, தர்க்கம், கணம், நிகழ்தகவு, மடக்கை ஆகியவை தேவை. மடக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அகரவரிசையில் அடுக்கிய ஒரு லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் திறந்து பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, மீண்டும் நடுவில் பார்த்தால், 17 பார்வையில் முடிந்துவிடும். ஒரு கோடிப் பெயர்களுக்கு 24 பார்வை. நூறு மடங்கு பெருகியும் ஏழு பார்வைதான் கூடியது. மடக்கை சொல்வது இதைத்தான்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே. நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

இப்போது சொன்ன அதே பாதியாக்கும் தேடலிலேயே பதில் இருக்கிறது. நடுவைக் கண்டுபிடிக்க, தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்போம். எல்லாப் பாடநூலும் அப்படித்தான் காட்டும். ஜாவா மொழியின் நூலகத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உலகமே அதைப் பயன்படுத்தியது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதில் வழு இருப்பதை வெளிப்படையாக எழுதினார். 32 பிட் முழு எண் 2,147,483,647 வரைதான் போகும். பட்டியல் மிகப் பெரியதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்தது.

பத்து வரி நிரலில் தேர்ந்தவர்கள் கண்ணுக்கே தப்பியது இது. இயந்திரம் எழுதித் தரும் இருநூறு வரியில் இப்படி ஒன்று இருந்தால் பார்க்கப் போவது யார்? எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் நீங்களே எழுதுங்கள், எத்தனை கோணலாக இருந்தாலும் சரி. பிறகு இயந்திரத்திடம் கேளுங்கள். அது தந்ததை ஒரு வரி விடாமல் பலகையில் விளக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். முதலாம் ஆண்டில் அதைத் தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது. விரல்கள் பழக வேண்டிய காலம் அது.

ஆட்டோமேட்டா, அல்காரிதம் கோட்பாடு எல்லாம் வேலைக்கு உதவுமா?

உதவும். ஆனால் அதற்காக மட்டும் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று விரைவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் சொல்ல வழி உண்டா என்பது நெடுங்காலமாக விடையில்லாதிருந்த கேள்வி. விரைவான சோதனைகள் இருந்தன. ஆனால் அவை தற்செயல் எண்களையோ இன்னும் நிரூபிக்கப்படாத ஊகங்களையோ சார்ந்திருந்தன. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும் நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுரையின் பெரும்பகுதியை நல்ல இளநிலை மாணவரால் பின்தொடர முடியும். 2006இல் மூவருக்கும் கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான கோடெல் பரிசு கிடைத்தது.

உங்கள் வயதுக்காரர்கள், நம் நாட்டுக் கல்லூரியில் இருந்துகொண்டு செய்தது இது. செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கை வலிக்கிற நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நல்ல தலைப்பு வேண்டும்.

கடையில் பணம் கொடுத்துத் திட்டப்பணி வாங்காதீர்கள். உங்கள் வாயில் இருக்கிற மொழியிலேயே தீராத வேலை காத்திருக்கிறது.

பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நாம் மூன்று எழுத்து என்போம். அது 5 என்று சொல்லும். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட். அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். 'ழ்மித' வர வேண்டும். தொடக்கத்தில் ஒரு புள்ளி தனியே தொங்க, 'ழிமத' என்று வரும். இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொல்லைத் திருப்புவது முதல் வாரப் பயிற்சி. தமிழ்ச் சொல்லைத் திருப்ப நீங்கள் எழுத்து என்றால் என்ன என்று சிந்தித்தாக வேண்டும்.

அடுத்து அகரவரிசை. வகுப்பு வருகைப் பதிவேட்டைச் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பாள். யூனிகோடில் னகரத்தின் எண் 2985, மகரத்தின் எண் 2990. நம் நெடுங்கணக்கிலோ னகரம் பதினெட்டாவது மெய். 'அக்கா', 'அகம்' இரண்டையும் கொடுத்தால் அகம் முதலில் வரும், அகராதியில் அக்காதான் முதலில். புள்ளியின் எண் பெரியதாக இருப்பதால் வரும் வினை. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். கணினி ஒப்பிட்டால் வேறு என்று சொல்லிவிடும். தேடியது கிடைக்காமல் போகும் இடங்களில் இதையும் ஒரு காரணமாகச் சோதித்துப் பாருங்கள்.

இவற்றுக்கு ஏற்கெனவே தீர்வுகள் உண்டு. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகம் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். ஆனால் முதலில் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள், பிறகு அதன் மூல நிரலைத் திறந்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். பழைய டிஸ்கி குறியாக்கத்தில் கிடக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது, சந்திப் பிழை காட்டுவது, உங்கள் வட்டாரச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதி என்று வேலை எவ்வளவோ இருக்கிறது. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி உருவானது. குறிலும் நெடிலும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னர் லினக்ஸ் என்று பெயர்பெற்ற தன் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது அவருக்கு 21 வயது, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். இது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் எழுதினார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடியிலும் அந்த லினக்ஸின் மையப் பகுதியான கரு ஓடுகிறது.

முதல் பங்களிப்பு நிரலாக இருக்க வேண்டியதே இல்லை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் ஒரு பிழையான சொல் இருக்கும். அதைத் திருத்தி அனுப்புங்கள். எங்கள் வட்டத்துப் பெண் ஒருத்தி முதன்முதலில் அனுப்பியது ஒற்றுப்பிழை திருத்தம், ஒரே ஒரு 'ப்'. அதை அனுப்புவதற்காக அவள் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைக் கற்றாள், அதில் கிளை பிரிக்கக் கற்றாள், மறுப்பு வந்தபோது பொறுமையாகக் காரணம் எழுதக் கற்றாள். ஏற்கப்பட்ட அன்று மாடிக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வந்தது. அடுத்த ஆண்டு அதே மென்பொருளில் ஒரு வழுவையும் நீக்கினாள்.

துணை தேடுகிறவர்களுக்கு: சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. வழி தெரிந்தவர்கள் அங்கே சலிக்காமல் சொல்லித் தருகிறார்கள். 2005 முதல் நடக்கும் கூகுள் கோடைக்கால நிரல் திட்டத்தையும் பாருங்கள், ஆனால் உதவித்தொகை அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். சில மாதங்கள் முன்பே அந்தக் குழுவில் சிறு சிறு வேலைகளைச் செய்து முகம் தெரிந்தவராகுங்கள்.

நான் சிவில் படிக்கிறேன். கணினிப் பக்கம் வரலாமா?

ராஜ் ரெட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தது சிவில்தான். 1958இல் பட்டம் பெற்றார். பிறகு பேச்சை உணரும் கணினிகளில் உழைத்து, 1994இல் எட்வர்டு ஃபைகன்பாமோடு, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். வாருங்கள்.

குழுவில் நான் ஒருத்திதான் பெண். பேசத் தயக்கமாக இருக்கிறது.

1940களில் உருவான எனியாக் கணினிக்கு முதலில் நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். இந்தத் துறை தொடங்கியபோதே நீங்கள் அதில் இருந்தீர்கள். தயக்கத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது மட்டும் அல்ல. ஒரு பெண் பேசத் தொடங்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பதும், கூட்டத்தை இருட்டுவதற்கு முன் முடிப்பதும், தங்கைகள் இருவராக வர ஏற்பாடு செய்வதும் நடத்துகிறவர்களின் கடமை. எங்கள் கூட்டம் ஆறரைக்கு முடிவதற்குக் காரணம் இதுதான்.

நல்ல மடிக்கணினி வாங்க வசதியில்லை.

4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி போதும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவுங்கள். சி, பைத்தான், தரவுத்தளம் எல்லாம் அதில் நன்றாக ஓடும். அதுவும் இல்லாத காலத்தில் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் மதிப்பைக் கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். கணினி உள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நிரல் போட்டிகளில் கலந்துகொள்ளலாமா?

பள்ளி மாணவர்களுக்கு இந்தியக் கணினி ஒலிம்பியாடு உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு ஐ.சி.பி.சி. என்ற பன்னாட்டு நிரல் போட்டி: மூவர் அணி, ஒரே கணினி, ஐந்து மணி நேரம். ஒரே கணினி என்பதால் இருவர் தாளில் யோசித்தாக வேண்டும், அதற்காகவே எனக்கு அது பிடிக்கும். தரவரிசை எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிகச் சிறிய கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்டால் சிரிப்பார்களோ?

எங்கள் மாடியில் யாரும் சிரிப்பதில்லை. ஒருமுறை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டுகிறதே, என் கணினி கெட்டுவிட்டதா என்று கேட்டான். அன்றைக்குத் திட்டமிட்டிருந்த பாடத்தை ஒதுக்கிவைத்தோம். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறது அல்லவா, அப்படியே பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினாலும் முடியாது. 0.000110011 என்று தொடங்கி 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் கணினி வெட்டியாக வேண்டும். அந்த வெட்டில் போன துணுக்குதான் கடைசியில் வந்து நிற்கும் 4.

துணுக்குதானே என்று ஒருத்தி கேட்டாள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. 24 பிட்டில் வெட்டப்பட்ட அந்தப் பத்தில் ஒன்று, சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 நொடிப் பிழையாகச் சேர்ந்துவிட்டது. வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. படைமுகாமில் 28 பேர் இறந்தார்கள்.

மாடியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கேள்வி கேட்டவன் அப்பாவின் மளிகைக் கடைக்காகக் கணக்கு நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தான். அதில் விலைகள் எல்லாம் ரூபாயாக, தசமப் புள்ளியோடு இருந்தன. அடுத்த ஞாயிறு வந்தபோது எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக மாற்றியிருந்தான்.